எந்த வழியில் போனாலும் அதே பூதமா? மேசைக் கதையாட்டம் நடத்த ஒரு முழுமையான வழிகாட்டி

ஒருவர் கதையைச் சொல்ல, மற்றவர்கள் பாத்திரங்களாக முடிவெடுத்து ஆடும் கதையாட்டத்தை நான் முதன்முதலாக நடத்தியது மேற்கு மாம்பலத்தில் ஒரு மொட்டை மாடியில். தண்ணீர்த் தொட்டி நிழலில் பாய் விரித்து ஐந்து பேர் உட்கார்ந்திருந்தோம். "காட்டு வழியாகவும் போகலாம், ஆற்று வழியாகவும் போகலாம். எப்படிப் போகிறீர்கள்?" என்றேன். அரை மணி நேரம் பேசினார்கள். நான் வரைந்த படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கடைசியில் காடு என்று முடிவு செய்தார்கள். காட்டில் ஒரு பூதம் வந்தது. கீழ் வீட்டு மாமி மேலே வந்து எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சண்டை, சத்தம். இடையில் டீ எடுத்து வர நான் இறங்கிப் போன நேரத்தில் என் அத்தை பையன் நோட்டைப் புரட்டியிருக்கிறான். நான் வந்ததும் கேட்டான்: "ஏண்ணா, ஆத்து வழியா போயிருந்தாலும் இதே பூதம்தானா?"

அதே பூதம்தான். இரண்டு வழிக்கும் சேர்த்து ஒன்றைத்தான் எழுதி வைத்திருந்தேன். அன்றைக்கு அதற்கு மேல் யாருக்கும் ஆட்டத்தில் மனசு ஒட்டவில்லை. அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டது எதற்கு என்று அவர்கள் கேட்காமல் கேட்டது எனக்குப் புரிந்தது.

இந்தக் கேள்விக்கு நம் வீட்டு ஆட்டங்களிலேயே பதில் இருக்கிறது. வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண்விழிக்க ஆடும் பரமபதத்தில் ஆடுபவருக்கு முடிவெடுக்க ஒன்றுமே இல்லை. பகடை சொல்கிறது, காய் போகிறது, பாம்பு கடிக்கிறது. தாயத்தில் கட்டை விழுவது நம் கையில் இல்லை, ஆனால் விழுந்த எண்ணுக்கு எந்தக் காயை நகர்த்துவது, யாரை வெட்டுவது என்பது நம் கையில். ஆடுபுலி ஆட்டத்தில் பகடையே கிடையாது. மூன்று புலி, பதினைந்து ஆடு, எல்லாமே ஆடுபவரின் மூளை. கதையாட்டம் இந்த மூன்றையும் தாண்டி ஒரு காரியம் செய்கிறது: கட்டத்திலேயே இல்லாத இடத்துக்கும் காயை நகர்த்தலாம். "நான் புலியிடம் பேசிப் பார்க்கிறேன்" என்று ஆடு சொல்லலாம். அப்படிச் சொல்ல இடம் கொடுத்துவிட்டு, உள்ளுக்குள் நாம் பரமபதம் நடத்தினால் அது ஏமாற்று.

ஆட்டம் புதிதாகக் கேள்விப்படுகிறவர்களுக்கு நான்கு வரி. ஒருவர் உலகத்தை நடத்துவார், டி.எம். (டஞ்சன் மாஸ்டர்) என்பார்கள். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். நிச்சயமில்லாத இடத்தில் பகடை. இந்த வகையில் முதலில் அச்சாகி விற்பனைக்கு வந்தது, 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் அமெரிக்காவில் வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், சுருக்கமாக டி அண்ட் டி. பொம்மைப் படைகளை மேசையில் நிறுத்தி ஆடும் போர் ஆட்டங்களிலிருந்து கிளைத்தது அது. அதன் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டார்கள், இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். வேண்டிய பக்கங்களை மட்டும் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டால் போதும். ஏழு பகடை கொண்ட செட் ஆன்லைனில் கிடைக்கிறது. அது வந்து சேரும் வரை போனில் பகடை ஆப் வைத்து ஓட்டலாம், ஆனால் கையால் உருட்டுகிற சுகம் அதில் வராது.

கீழே உள்ள படிகள் மூன்று நான்கு மணி நேரத்தில் முடிகிற ஓர் ஆட்டத்தைத் தயாரிப்பதற்கு. உதாரணமாக நான் நடத்திய ஒரே ஊரையே கடைசி வரை எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: ஆடுவதற்கு முன்னால் பேசுங்கள்

முதல் சந்திப்பில் பகடையைத் தொடாதீர்கள். யாருக்குச் சண்டை பிடிக்கும், யாருக்குப் பேச்சு, யாருக்குப் புதிர் என்று கேளுங்கள். எத்தனை மணிக்கு முடிக்க வேண்டும் என்றும் கேளுங்கள். தாம்பரம் போகிறவர் ஒருவர், திருவொற்றியூர் போகிறவர் ஒருவர் இருந்தால் எட்டு மணிக்குமேல் யார் மனசும் மேசையில் இருக்காது. கதையின் உச்சக்கட்டத்தை ஏழு மணிக்குள் கொண்டுவந்துவிடுங்கள்.

அப்புறம், எது வேண்டாம் என்று கேளுங்கள். என் ஆட்டத்தில் ஊருக்குள் தண்ணீர் வருகிற மாதிரி ஒரு கதை. தோழி ஒருவர் 2015 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டின் தரைத்தளம் முழுக்க இழந்தவர். முன்கூட்டியே கேட்டேன். "தண்ணி வரட்டும், பரவாயில்ல. ஆனா யாரும் வீட்டுக்குள்ள மாட்டிக்கிட்டு சாகற மாதிரி வேண்டாம்" என்றார். அந்த ஒரு வாக்கியம் என் கதையைக் கெடுக்கவில்லை, எல்லையைக் காட்டிக் கொடுத்தது. இதுபோலவே சாதி. நம் ஊர் சாயலில் கற்பனை ஊர் ஒன்றைக் கட்டினால், நீங்கள் கூப்பிடாமலே அது கதவைத் தட்டும். அதைக் கதையில் எடுத்துப் பேசப் போகிறீர்களா, அறவே விட்டுவிடப் போகிறீர்களா என்பதை மேசையில் எல்லோரும் சேர்ந்து முன்னாலேயே முடிவு செய்யுங்கள். நடுவில் வந்து விழுந்தால் சமாளிக்க முடியாது. மேசை நடுவே ஒரு பெருக்கல் குறி போட்ட அட்டையை வைக்கும் வழக்கமும் உண்டு. யாராவது தொட்டால் அந்தக் காட்சியை அங்கேயே விட்டு நகர வேண்டும், காரணம் கேட்கக் கூடாது.

படி 2: பாத்திரத்துக்குக் கடன் ஒன்று கொடுங்கள்

டி அண்ட் டி-யில் வலிமை, வேகம், உடல்தாங்கு திறன், அறிவு, விவேகம், வசீகரம் என்று பாத்திரத்துக்கு ஆறு திறன்கள். 15, 14, 13, 12, 10, 8 என்ற எண்களை இந்த ஆறுக்கும் பிரித்துப் போடச் சொல்வார்கள். எல்லோரும் 15-ஐ எங்கே போடுவது என்றே யோசிப்பார்கள். நான் அந்த 8-ஐத்தான் கவனிப்பேன். எதில் சோடை போகத் தயாராக இருக்கிறார் என்பதில்தான் அந்தப் பாத்திரம் இருக்கிறது.

அதற்குமேல் இரண்டே கேள்விகள். இந்த ஊரில் யாருக்கு நீ கடன்பட்டிருக்கிறாய்? எது நடந்தாலும் எதைச் செய்ய மாட்டாய்? வங்கியில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், "மாமாவிடம் நாற்பது பொற்காசு வாங்கினேன், திருப்பவில்லை" என்று எழுதினார். அன்றைக்கே அந்த மாமாவை உப்பு வியாபாரி ஆக்கிவிட்டேன். மூன்று பக்கப் பூர்வகதையைவிட அந்த நாற்பது காசு அதிகம் உழைத்தது.

வாளேந்தியும் மந்திரவாதியும் சம பலமா என்ற சண்டை இந்த ஆட்டம் இருக்கும் வரை ஓயாது. என் கருத்து: சண்டையில் சமமாக இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொருவருக்கும் "இதை நான்தான் செய்ய முடியும்" என்று எழுந்து உட்கார ஒரு நேரம் வர வேண்டும். அதை டி.எம். பார்த்துக்கொள்ளலாம்.

படி 3: கதை எழுதாதீர்கள், சிக்கலை எழுதுங்கள்

புதிதாக நடத்துகிறவர்கள் எல்லோரும் செய்கிற தவறு, சிறுகதை மாதிரி ஆரம்பம், நடு, முடிவு என்று எழுதி வைப்பது. அப்படி எழுதிவிட்டால், ஆடுபவர்கள் எந்தப் பக்கம் திரும்பினாலும் நீங்கள் அவர்களைத் தண்டவாளத்துக்கு இழுத்துக்கொண்டே இருப்பீர்கள்.

மூன்று பேரை எழுதுங்கள். மூவரும் ஒரே பொருளின்மேல் வெவ்வேறு ஆசை வைத்திருக்க வேண்டும். பிறகு, யாருமே தலையிடாவிட்டால் என்ன நடக்கும் என்று ஒரு தேதிப் பட்டியல். அவ்வளவுதான்.

என் ஊரின் பெயர் நெய்தலூர். அடையாறு கடலில் சேருகிற இடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அலை மணலைக் கொண்டுவந்து கொட்டி முகத்துவாரத்தை அடைத்துவிடும். உடைந்த பாலத்தடியில் நின்றுகொண்டிருந்தபோதுதான் இந்த யோசனை வந்தது. நெய்தலூரிலும் முகத்துவாரம் அடைத்துக்கொண்டது. மேட்டில் மழை, ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது. மணல் திட்டை வெட்டிவிட்டால் தண்ணீர் கடலுக்குப் போய்விடும், மேட்டுக் குடியிருப்பு தப்பிக்கும். ஆனால் வெட்டும் வழியில் உப்பளம். அந்த வருடத்து உப்பு முழுக்கக் கரைந்துவிடும். போதாததற்கு, அந்தத் திட்டுக்கு அடியில் ஒரு பூதம் தூங்குகிறது. மணலைக் கொட்டிக்கொண்டிருப்பதே அதன் மூச்சுதான்.

மூன்று பேர் யார்? திட்டை வெட்டச் சொல்லும் மேட்டு ஊர்த் தலைவி. வெட்டக் கூடாது என்னும் உப்பு வியாபாரி, அதாவது நம் வங்கி நண்பரின் மாமா. பூதத்துக்குத் தாலாட்டுப் பாடத் தெரிந்த ஒரே ஆள், பரிசல் ஓட்டும் கிழவி. மூவரும் கெட்டவர்கள் இல்லை. இங்கேதான் விஷயம். ஒருவர் கெட்டவர் என்று தெரிந்துவிட்டால் முடிவெடுக்க ஒன்றும் மிச்சமில்லை. இருதலைக் கொள்ளி எறும்பாக அவர்களை நிற்க வையுங்கள், பிறகு நீங்கள் வாயை மூடிக்கொள்ளலாம், மேசையே பேசும்.

படி 4: ஒவ்வொரு முடிவையும் உரைத்துப் பாருங்கள்

தங்கத்தை உரைகல்லில் உரைக்கிற மாதிரி, நீங்கள் எழுதிய ஒவ்வொரு கிளைவழியையும் மூன்று கேள்விகளால் உரையுங்கள். முடிவெடுக்கும் முன் அவர்களுக்கு ஏதாவது தெரிந்திருந்ததா? எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டியிருந்ததா? அந்த முடிவால் பிறகு ஏதாவது மாறியதா?

"எதிரே இரண்டு கதவு, இடதா வலதா?" என்பது முதல் கேள்வியிலேயே விழுந்துவிடும். ஒன்றும் தெரியாமல் தேர்ந்தெடுப்பது பூவா தலையா போடுவதற்குச் சமம். இப்போது இதைப் பாருங்கள்:

"திட்டுக்குப் போக இரண்டு வழி. உப்பங்கழி வழியாகப் பரிசலில் போனால் அரை மணி நேரம், ஆனால் கிழவியைக் கேட்க வேண்டும், தண்ணீர்மேல் தீப்பந்தத்தை மறைக்க முடியாது. கரை வழியாக நடந்தால் ஒன்றரை மணி நேரம், உங்களிடம் ஒரே பந்தம், அது ஒரு மணி நேரம்தான் எரியும். கடைசி அரை மணி இருட்டில்."

இதே இரண்டு கதவுதான். ஆனால் இப்போது பேச விஷயம் இருக்கிறது: நேரம், வெளிச்சம், கிழவியின் தயவு. டி அண்ட் டி விதிப்படி ஒரு பந்தம் ஒரு மணி நேரம் எரியும். பலர் அந்த வரியைக் கண்டுகொள்வதே இல்லை. அது கணக்குப்பிள்ளை வேலை இல்லை சார், முடிவுக்கு விலை போடும் வேலை. எண்ணெய், கயிறு, சாப்பாடு தீராத உலகத்தில் எந்த வழியும் நல்ல வழிதான்.

சரி, என் முதல் ஆட்டத்துப் பூதத்துக்கு வருவோம். தயாரித்ததை வீணாக்காமல் வேறு இடத்தில் பயன்படுத்துவதே தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆடுபவர்கள் எதுவும் தெரியாமல், எதையும் கேட்காமல் ஒரு பக்கம் போனால், அங்கே நீங்கள் எதை வைத்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் "காட்டில் என்ன இருக்கிறது?" என்று வேடனுக்கு இரண்டு காசு கொடுத்துக் கேட்டுவிட்டு ஆற்று வழியைத் தேர்ந்தெடுத்தார்கள் என்றால், காட்டுப் பூதத்தை ஆற்றுக்குக் கொண்டுவர உங்களுக்கு உரிமை இல்லை. அந்த இரண்டு காசு அவர்கள் கொடுத்த விலை.

தெரிந்திருக்க வேண்டியதைத் தெரிய வைப்பதற்கு அனுபவஸ்தர்கள் கைக்கொள்ளும் கணக்கு ஒன்று உண்டு: அவர்கள் கட்டாயம் கண்டுபிடிக்க வேண்டிய ஒவ்வொரு விஷயத்துக்கும் மூன்று தடயம் வையுங்கள். ஒன்றைக் கவனிக்க மாட்டார்கள், ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள், மூன்றாவதுதான் கை கொடுக்கும். மணலுக்கடியில் பூதம் இருப்பதற்கு நான் வைத்தவை: அலைக்கு எதிர்த்திசையில் ஊர்ந்து வரும் மணல், ராத்திரியில் திட்டு ஏறி இறங்குவது, கிழவியின் தாலாட்டில் வரும் ஒரு வரி. முதல் இரண்டையும் கோட்டை விட்டார்கள்.

படி 5: தமிழில் ஆடினால் விளிச்சொல்லும் ஒரு முடிவுதான்

இதை நான் எந்த விதிப்புத்தகத்திலும் படிக்கவில்லை. ஆங்கிலத்தில் ஆடும் வரை எங்களுக்கு இது தெரியவும் இல்லை. அங்கே ராஜாவுக்கும் பரிசல்காரிக்கும் ஒரே 'யூ'. தமிழுக்கு மாறிய முதல் நாளே, பாத்திரமாகப் பேச வாயைத் திறந்தவர் திகைத்து நின்றார். கிழவியை எப்படிக் கூப்பிடுவது? பாட்டியா, அம்மாவா, ஆத்தாவா? நீயா, நீங்களா?

அன்றைக்கு வாளேந்தியாக ஆடியவர் சட்டென்று "ஏய் கிழவி, பரிசலை எடு" என்றார். திருடியாக ஆடிய தோழி பின்னாலேயே "ஆத்தா, அவன் கிடக்கிறான், ராத்திரி சாப்பிட்டியா நீ?" என்றார். பகடை உருட்டும் முன்பே இரண்டு முடிவு எடுத்தாகிவிட்டது. ஆத்தாவிடம் 'நீ' என்பது மரியாதைக் குறைவு இல்லை, உறவு. அதே 'நீ'யை ஊர்த் தலைவியிடம் சொன்னால் கதையே வேறு. அதனால் என் நோட்டில் ஒவ்வொரு ஆளின் பக்கத்திலும் ஒரு வரி எழுதுகிறேன்: இவரை எப்படிக் கூப்பிட்டால் குளிர்வார், எப்படிக் கூப்பிட்டால் கொதிப்பார். வசீகரத்துக்கான பகடையை உருட்டச் சொல்லும்போது அந்த வரியைப் பார்த்துவிட்டு இலக்கு எண்ணை, அதாவது ஜெயிக்க எட்ட வேண்டிய எண்ணை, ஏற்றுவேன், இறக்குவேன்.

கூச்சப்படுகிறவர்களை இதற்குள் தள்ளாதீர்கள். "நான் மரியாதையாகப் பேசிக் கேட்கிறேன்" என்று விவரித்தாலும் அதுவும் ஆட்டம்தான்.

படி 6: பகடை எப்போது, எவ்வளவு

முதலில் எப்போது வேண்டாம் என்று பார்ப்போம். தோற்றால் ஒன்றும் நடக்காது என்றால் உருட்டாதீர்கள். பூட்டிய பெட்டி, நேரமும் இருக்கிறது, யாரும் வரப்போவதில்லை என்றால் திறந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போங்கள். காவலாளி அடுத்த அறையில் இருமுகிறான் என்றால் உருட்டச் சொல்லுங்கள்.

அடுத்தது, எந்தப் பகடை. தாயக்கட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டையிலும் வெற்று, ஒன்று, இரண்டு, மூன்று என்று நான்கு முகம். இரண்டு கட்டைக்கும் சேர்த்துப் பதினாறு விதமாக விழலாம். அதில் மூன்று விழ நான்கு வழி. தாயம் விழ இரண்டே வழி, அதாவது எட்டில் ஒரு பங்கு. இரண்டும் வெற்றாக விழுந்தால் வரும் பன்னிரண்டுக்கு ஒரே வழி. நடு எண்கள் அடிக்கடி வரும், ஓரத்து எண்கள் அரிது. இருபது முகப் பகடையில் அப்படி இல்லை. 1 விழவும் 20 விழவும் 11 விழவும் ஒரே வாய்ப்பு, ஒவ்வொன்றும் 5 சதவீதம். அதனால் அது சேட்டைக்காரப் பகடை. பத்து வருடம் வாள் பிடித்தவனும் இருபதில் ஒரு முறை கால் தடுக்கி விழுவான். இரண்டு ஆறுமுகப் பகடையைக் கூட்டி ஆடும் ஆட்டங்கள் தாயக்கட்டை மாதிரி. அவற்றில் பலவற்றில் 10-ம் அதற்கு மேலும் முழு வெற்றி, 7 முதல் 9 வரை "நடந்தது, ஆனால்...", 6-ம் கீழும் வில்லங்கம். பகடையில் விழுந்ததோடு திறமைக்காகக் கூட்ட ஒன்றும் இல்லாதவருக்கு அந்த "ஆனால்" 36-ல் 15 தடவை வரும். கதைக்குத் தீனி போடுவது அந்த நடுப்பகுதிதான். டி அண்ட் டி ஆடினாலும் அதைக் கடன் வாங்கலாம். இலக்குக்கு ஒன்றிரண்டு குறைவாக விழுந்தால் தோல்வி என்று மூடாமல், "ஏறிவிட்டாய், ஆனால் கயிறு கீழே விழுந்துவிட்டது" என்று சொல்லிப் பாருங்கள்.

இலக்கு எண்ணை உருட்டும் முன் சொல்லிவிடுங்கள். ஐந்தாம் பதிப்பில் 10 சுலபம், 15 நடுத்தரம், 20 கடினம். பகடையில் விழுந்ததோடு ஐந்து கூட்டிக்கொள்ளும் திறமைசாலி 15-ஐ எட்ட வாய்ப்பு 55 சதவீதம். சாதக நிலை, அதாவது இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்வது, கிடைத்தால் ஏறக்குறைய 80. இந்த வித்தியாசம் தெரிந்தால்தான் "கொஞ்சம் பொறு, நான் முதலில் கவனத்தைத் திருப்புகிறேன்" என்று இன்னொருவர் உதவிக்கு வருவார். தெரியாவிட்டால் எல்லோரும் தனித்தனியாக உருட்டி ஜெயித்தால் சரி என்று இருப்பார்கள்.

ஒரு பொறியைச் சொல்லிவிடுகிறேன், நான் பல மாதம் அதில் விழுந்து கிடந்தேன். நான்கு பேர் சத்தமில்லாமல் நடக்க வேண்டும். ஆளுக்கு 60 சதவீத வாய்ப்பு, நல்ல எண்ணாகத் தெரிகிறது. நான்கு பேரும் ஜெயிக்க வேண்டும் என்று விதி வைத்தால் மொத்த வாய்ப்பு சுமார் 13 சதவீதம்தான். ஒளிந்து போகும் திட்டம் ஒவ்வொன்றும் சண்டையில் முடிந்தது. "இவங்களுக்குத் திட்டமே போடத் தெரியல" என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கோளாறு என் கணக்கில். பாதிப் பேர் ஜெயித்தால் போதும் என்று மாற்றினால் அதே நான்கு பேருக்கு 82 சதவீதம். ஆடுபவர்கள் எப்போதும் கத்தியையே எடுக்கிறார்கள் என்றால் அவர்கள் குணத்தைக் குறை சொல்லும் முன் மற்ற கதவுகளை நீங்கள் தெரியாமல் பூட்டி வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

டி.எம். தன் முன்னால் வைக்கும் திரைக்குப் பின்னால் உருட்டி எண்ணை மாற்றிச் சொல்லலாமா? பலர் செய்கிறார்கள், காரணமும் வைத்திருக்கிறார்கள். நான் செய்வதில்லை. பாத்திரம் சாகக் கூடாது என்றால் சாவை இலக்காக வைத்து உருட்டவே சொல்லாதீர்கள்.

படி 7: சண்டைக்கும் ஒரு வாசல் வையுங்கள்

ஐந்து பேர் ஒரு பூதத்தைச் சூழ்ந்தால், பூதம் ஒரு முறை அடிப்பதற்குள் ஐந்து அடி வாங்கிவிடும். எவ்வளவு பெரிய பூதமாக இருந்தாலும் இந்தக் கணக்கில் படுத்துவிடும். ஐந்தாம் பதிப்பில் பெரிய அரக்கர்களுக்கு மற்றவர் முறை முடியும்போதெல்லாம் சிறு அடி அடிக்கும் உரிமை கொடுத்தது இதற்காகத்தான். நீங்கள் அதற்குப் பதில் பூதத்துக்குத் துணையாக இரண்டு மூன்று சில்லறை ஆட்களை நிறுத்தலாம், அல்லது தரையையே எதிரியாக்கலாம். எங்கள் பூதம் மூச்சு இழுக்கும்போதெல்லாம் காலடி மணல் சரியும்.

எதிரே வந்ததெல்லாம் அடிக்க வந்ததில்லை. டி அண்ட் டி-யின் 1981 அடிப்படைப் பதிப்பில், புதிதாக எதிர்ப்படும் பிராணியின் மனநிலைக்கு இரண்டு ஆறுமுகப் பகடை உருட்டுவார்கள். 2 விழுந்தால் உடனே பாயும், 12 விழுந்தால் நட்பு, நடுவில் தயக்கம். பாதிப் பேர் விழுந்தால் மிச்சம் ஓடுமா என்றும் ஓர் உருட்டு உண்டு. இந்த இரண்டையும் எந்தப் பதிப்பிலும் சேர்த்துக்கொள்ளலாம்.

படி 8: எதற்குப் பரிசு கொடுக்கிறீர்களோ அதைத்தான் செய்வார்கள்

1974 பதிப்பில் குகையிலிருந்து கொண்டுவந்த ஒவ்வொரு பொற்காசுக்கும் ஓர் அனுபவப் புள்ளி, அது சேரச் சேரப் பாத்திரம் வளரும். அதனால் பூதத்தை எழுப்பாமல் பொன்னை மட்டும் தூக்கிக்கொண்டு வருவதுதான் புத்திசாலித்தனம். பிற்காலத்தில் புள்ளி பெரும்பாலும் அரக்கனைக் கொல்வதற்கு என்று ஆனது, ஆட்டமும் சண்டை பக்கம் சாய்ந்தது. நான் இப்போது புள்ளி கொடுப்பது, பாத்திரம் "எதைச் செய்ய மாட்டேன்" என்று எழுதியதைக் காப்பாற்ற நஷ்டப்பட்டால். உங்கள் மேசைக்கு எது வேண்டுமோ அதற்குக் கொடுங்கள்.

படி 9: மேசையில்

நேரம் ஓடுவதைக் கண்ணால் காட்டுங்கள். ஒரு தாளில் ஆறு படிகள் உள்ள குளத்துப் படித்துறை வரைந்து நடுவில் வைத்தேன். அவர்கள் தங்கினாலோ, ஒரு முயற்சி தோற்றாலோ, பேசிப் பேசி இழுத்தாலோ கீழிருந்து ஒரு படியை நீலப் பென்சிலால் நிரப்புவேன். ஆறும் நிரம்பினால் மேட்டு ஊருக்குள் தண்ணீர். முதல் படிக்கு யாரும் அசையவில்லை. மூன்றாவது படிக்குப் பென்சிலை எடுத்ததும், "இரு இரு, நாங்க தூங்கல, கிளம்பறோம்" என்று மூன்று குரல்.

சத்தமாகப் பேசுகிறவர் எல்லோருக்கும் சேர்த்து முடிவெடுத்துவிடுவார். அவரை அடக்க வேண்டாம், அடுத்தவரைப் பார்த்து "அவர் அப்படிச் செய்யும்போது நீங்க எங்க நிக்கறீங்க?" என்று கேட்டால் போதும். விவாதம் சுற்றிச் சுற்றி வந்தால், இதுவரை சொன்ன யோசனைகளை இரண்டு வரியில் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பென்சிலைக் கையில் எடுங்கள்.

நீங்கள் கனவிலும் நினைக்காததைச் செய்வார்கள். திட்டை வெட்டுவதா விடுவதா என்று நான் இரண்டு முடிவுக்குத் தயாராக இருந்தேன். அவர்கள் உப்பு வியாபாரியிடம் போய், உப்பை முழுக்க இன்றிரவே மேட்டு ஊருக்கு மாட்டு வண்டியில் ஏற்றிவிடலாம், அங்கே தங்க இடமும் வண்டியும் தலைவி தரட்டும், பிறகு வெட்டலாம் என்றார்கள். கடன்பட்ட மருமகன் பேசினார், மாமா பழைய நாற்பது காசை எடுத்துப் பேசினார், பதினைந்து நிமிடம் நான் வாயே திறக்கவில்லை. இப்படி வரும்போது சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: "சரி, எப்படிச் செய்யறீங்க?" பிறகு விலையைச் சொல்லுங்கள். வண்டி ஏற்ற இரண்டு படி தண்ணீர் ஏறும் என்றேன். ஒத்துக்கொண்டார்கள். ஐந்தாம் படி நீலமானபோது பாதி உப்புதான் ஏறியிருந்தது.

படி 10: கலையும் முன் மூன்று வரி

எல்லோரும் செருப்பு தேடும் நேரத்தில் நோட்டில் எழுதுங்கள்: என்ன முடிவெடுத்தார்கள், யார் பார்த்தார்கள், அடுத்த முறை அதனால் எது வேறு மாதிரி இருக்கும். அப்புறம் "அடுத்த வாரம் எங்க போறீங்க?" என்று கேட்டுவிடுங்கள். பதில் தெரிந்தால் அதை மட்டும் தயாரித்தால் போதும், ஊர் முழுக்க எழுதி வைத்து வீணாக்க வேண்டாம்.

நெய்தலூர் ஆட்டம் முடிந்த அன்றைக்கும் அத்தை பையன் கேட்டான், "கரை வழியா நடந்து போயிருந்தா என்னண்ணா ஆயிருக்கும்?" இந்த முறை நோட்டை நானே அவன் பக்கம் திருப்பி வைத்தேன். இருட்டில் அந்த அரை மணி நேரத்துக்கு ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன், ஒருவரும் பார்க்காத ஒன்றரைப் பக்கம். நின்றுகொண்டே முழுக்கப் படித்துவிட்டு நோட்டை மூடினான்.

அடுத்த வாரம் எங்கே என்று கேட்டதற்கு வாளேந்தி சொன்னார்: "முதல்ல அந்தப் பாட்டிகிட்ட மன்னிப்பு கேக்கணும்." கிழவி என்ன கேட்பாள் என்று நான் இன்னும் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுத வேண்டும்.